யார் ஜாடை?

அப்பா ஜாடையில் பெண்ணும் அம்மா ஜாடையில் ஆணும் பிறந்தால் அதிர்ஷ்டம் என்று நம் வீடுகளில் சொல்லக் கேட்டிருப்போம். கேட்கும்போது நியாயமான பங்கீடு போலத்தான் இருக்கும். ஆளுக்கொரு பிள்ளை, ஆளுக்கொரு முகம். ஆனால் இந்த வாக்குக்குள் யார் யாரெல்லாம் வரவில்லை என்று பாருங்கள். அப்பா ஜாடையில் பிறந்த மகன் வரவில்லை. அவனுக்கு அதனால் நட்டமில்லை. தலைப்பெழுத்து, குலப்பெயர், கொள்ளி வைக்கும் உரிமை எல்லாம் அவனுக்காகக் காத்திருக்கின்றன. அம்மா ஜாடையில் பிறந்த மகளும் வரவில்லை. அவளுக்கு அதிர்ஷ்டமும் இல்லை, குலமும் இல்லை. நான்கு பிள்ளைகளில் ஒருத்தி மட்டும் வெறுங்கையோடு நிற்கிறாள். அவள் செய்த பிழை, ஒரு பெண்ணின் முகத்தை இன்னொரு பெண் வாங்கிக்கொண்டதுதான்.

ஜாடை என்பது உடம்பின் செய்தி, அதில் அரசியல் என்ன இருக்கிறது என்று மாணவிகள் கேட்பதுண்டு. மூக்கின் வளைவும் நெற்றியின் அகலமும் யாரைக் கேட்டும் அமைவதில்லை என்பது உண்மைதான். அதைப் பார்த்து யார் சொல்கிறார்கள், யாருக்காகச் சொல்கிறார்கள், சொன்ன பிறகு யாருக்கு நிம்மதி வருகிறது, யாருக்குப் பயம் வருகிறது என்று கேட்கத் தொடங்கும்போது அது உடம்பை விட்டு வெளியே வந்துவிடுகிறது. பிள்ளையின் முகம் பெற்றவர்களின் நிம்மதியை எப்படித் தீர்மானிக்கிறது என்பதை நம் இலக்கியம் நெடுங்காலமாகப் பேசிவருகிறது. அந்தப் பேச்சைப் பெண்ணின் பக்கமிருந்து படித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

பிரசவ வார்டில் முதலில் சொல்லப்படும் வாக்கியத்திலிருந்து தொடங்கலாம். பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தையின் முகம் வீங்கிச் சிவந்திருக்கும். கண் திறந்திருக்காது. அந்த முகத்தில் யாரையும் அடையாளம் காண முடியாது. ஆனாலும் யாராவது சொல்லிவிடுவார்கள்: “அப்படியே அப்பனை உரிச்சு வெச்சிருக்கு.” பல சமயம் இதைச் சொல்வது தாயே, அல்லது தாயின் அம்மா. மாமியார் கட்டிலருகே வருவதற்குள் சொல்லிவிட வேண்டிய வாக்கியம் அது.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. மார்ட்டின் டேலி, மார்கோ வில்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1982இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவ அறைகளில் ஒளிப்பதிவான பேச்சுகளை எடுத்துப் பார்த்தார்கள். தாய்மார் தம்மைவிடக் கணவனின் சாயலையே குழந்தையிடம் அதிகமாகக் கண்டு சொன்னார்கள். 1993இல் மெக்சிகோவின் யூகடான் பகுதியில் நடந்த ஆய்வொன்றிலும் தாயும் தாய்வழி உறவினர்களுமே இதை அதிகம் சொன்னது தெரியவந்தது. குழந்தைகள் உண்மையிலேயே தந்தையைத்தான் அதிகம் ஒத்திருக்கின்றனவா என்ற கேள்வியும் எழுந்தது. ஆம் என்று 1995இல் ஓர் ஆய்வு சொன்னது. 1999இல் வந்த வேறோர் ஆய்வில் அது உறுதிப்படவில்லை. முகம் எப்படியிருந்தாலும் வாக்கியம் மட்டும் மாறவில்லை என்பதே இதில் நமக்கான செய்தி.

தாய்மை கண்ணுக்குத் தெரிவது, தந்தைமை நம்பிக்கையில் நிற்பது, ஆகவே தந்தைக்கு உறுதி தேவைப்படுகிறது, அதைத் தாய் தருகிறாள் என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம். பரிணாமத்தின் தந்திரம் என்று அதற்குப் பெயர் வைத்து அவர்கள் நகர்ந்துவிடுகிறார்கள். நாம் அங்கேயே கொஞ்சம் நிற்கலாம். பத்து மாதம் சுமந்து, உடம்பு கிழிந்து, இன்னும் எழுந்து உட்கார முடியாத ஒருத்தி, அந்த நேரத்திலும் இன்னொருவரின் சந்தேகத்தைத் தீர்க்கும் வேலையைச் செய்கிறாள். தன் முகத்தைத் தானே அழித்துக்கொள்கிறாள். அந்த உழைப்புக்கு நாம் இன்னும் ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

அது வீண் உழைப்பும் இல்லை என்பதுதான் துயரம். செனகல் நாட்டின் கிராமக் குடும்பங்களில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு ஒன்று, தந்தையின் முகச்சாயலும் உடல்வாசமும் கொண்ட குழந்தைகளிடம் தந்தையர் கூடுதல் அக்கறை காட்டியதாகச் சொல்கிறது. அந்தக் குழந்தைகளின் வளர்ச்சியும் ஊட்டமும் மற்றவர்களைவிட மேலாக இருந்தன. அங்கே ஜாடை ஒரு கவளம் சோறு. “அப்பனை உரிச்சு வெச்சிருக்கு” என்று சொல்லும் தாய் தன் பிள்ளைக்கு அந்தச் சோற்றைக் கேட்டு வாங்குகிறாள் என்றுகூட நாம் புரிந்துகொள்ளலாம்.

*

இதன் மறுபுறம், ஒத்திராத பிள்ளை. நற்குடியில் பிறந்தவனிடம் அன்பின்மை தெரிந்தால் அவனுடைய பிறப்பையே உலகம் ஐயுறும் என்று குடிமை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார் (958). ஆண் ஒருவனின் குணக்கேட்டைக் கண்டிக்க வந்த குறள்தான். ஆனால் அந்த ஐயம் எங்கே போய் விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். குலத்தில் பிறந்தானா என்ற கேள்வி அவன் தாயிடம் கேட்கப்படும் கேள்வி. மகன் கொடியவனானால், குறளில் பெயர்கூட வராத ஒருத்தியின் ஒழுக்கம் விசாரணைக்கு வருகிறது.

ஒத்திருந்தாலும் தப்பிக்க முடிவதில்லை. வால்மீகியின் உத்தர காண்டத்தில் லவனும் குசனும் வந்து இராமன் கதையைப் பாடுகிறார்கள். சடையும் மரவுரியும் இல்லாவிட்டால் இவர்களுக்கும் இராமனுக்கும் வேறுபாடே இல்லை என்று அவையில் இருப்பவர்கள் வியக்கிறார்கள். முகம் சாட்சி சொல்லிவிட்டது. அதன் பிறகும் சீதை அவைக்கு வந்து தன் தூய்மையை நிறுவ வேண்டியிருக்கிறது. அவள் மண்ணுக்குள் போகிறாள். பிள்ளைகள் தந்தையிடம் சேர்கிறார்கள். ஜாடை, பிள்ளைகளுக்கு அரண்மனையை வாங்கித் தந்தது. தாய்க்கு வீட்டைக்கூட வாங்கித் தரவில்லை.

இன்று இந்த விசாரணை நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறது. செல்லுபடியாகும் மணவாழ்வின்போதோ, மணமுறிவு ஏற்பட்டு மனைவி மறுமணம் செய்யாமல் இருக்கும் 280 நாட்களுக்குள்ளோ பிறந்த குழந்தை அந்தக் கணவனுக்குப் பிறந்ததாகவே கொள்ளப்படும் என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 112ஆம் பிரிவில் சொன்னது. கணவனும் மனைவியும் கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்று நிறுவினால்தான் அதை மறுக்கலாம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் 116ஆம் பிரிவாக அது தொடர்கிறது. டி.என்.ஏ. சோதனை வந்த பிறகு, மணமுறிவு வழக்குகளில் கணவர்கள் அதைக் கேட்பது பெருகியது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இத்தகைய சோதனைக்கு எடுத்த எடுப்பில் உத்தரவிடக்கூடாது என்றும், தன் பிறப்பு நீதிமன்றத்தில் தேவையின்றிக் கேள்விக்குள்ளாக்கப்படாமல் இருப்பது குழந்தையின் உரிமை என்றும் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் நீதிமன்றத்துக்குப் போகாமல் கூடத்திலும் அடுக்களையிலும் தினமும் நடக்கும் விசாரணைக்குத் தடையுத்தரவு வாங்க இடமில்லை. “நம்ம பக்கம் யாருக்கும் இந்த நிறம் இல்லையே” என்று நாத்தனார் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காப்பித் தம்ளரைக் கீழே வைக்கலாம். அதைக் கேட்டவள் அன்று இரவு தூங்கமாட்டாள்.

*

இந்தப் பின்னணியில் கலித்தொகையின் 86ஆம் பாடலைப் படிக்க வேண்டும். மருதக்கலி, மருதன் இளநாகனார் பாடியது. பரத்தையிடம் போன கணவன் வீட்டில் இல்லை. தாய் தன் சிறு மகனோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அழகிலெல்லாம் நீ உன் தந்தையைப் போலவே இருக்கிறாய் என்று ஒப்புக்கொள்கிறாள். ஆனால் அவன் இயல்புகளில் எவற்றை ஒக்க வேண்டும் என்பதை என் வாயால் கேட்டுக்கொள் என்கிறாள். பிறகு வரிசையாகப் பிரிக்கிறாள். பகைவரை வெல்வதில் அவனைப் போல் இரு. உங்களோடு ஒன்றிவிட்டோம் என்று நம்பியவர்களின் தோள் மெலிய விட்டுப்போவதில் அவனைப் போல் இராதே. ஒருபக்கம் சாயாத செங்கோலில் அவனைப் போல் இரு. நற்குணமுள்ள பெண்களைக் காற்றில் அடிபட்ட பூவாக வாட விடுவதில் இராதே. வேண்டி வந்தவர்க்குக் கொடுப்பதில் இரு. பெண்களை ஏறெடுத்தும் பாராமல் நோய் மிக விடுவதில் இராதே.

சங்கப் பாடல்களில் இதைப் போல் என்னை நிறுத்திவைத்த பாடல் குறைவு. ஊடல் துறை என்று வகுத்து, கணவன் காதில் விழுவதற்காகச் சொன்ன குத்தல் மொழி என்று விளக்கி வகுப்பில் கடந்துவிடுவோம். அதுவும் சரியே. ஆனால் இங்கே ஒரு தாய் ஜாடையை விதியாக ஏற்க மறுக்கிறாள் என்பதையும் பார்க்க வேண்டும். ‘தந்தை எவ்வழி தனயன் அவ்வழி’ என்று ஊர் முழுமொத்தமாகக் கட்டிக் கொடுத்த மூட்டையை அவள் பிரிக்கிறாள். இதை வைத்துக்கொள், இதைத் தூர எறி என்கிறாள். அவள் கணவன் முற்றும் கெட்டவனும் இல்லை. வெளியுலகில் அவன் வீரன், நடுநிலையாளன், வள்ளல். வீட்டுப் பெண்களிடம் மட்டும் அவன் வேறு ஆள். பொதுவெளியில் நல்லவன், வீட்டில் கொடியவன் என்ற அந்த ஆணை இந்தப் பாடல் எவ்வளவு துல்லியமாக அடையாளம் கண்டிருக்கிறது!

பாடலின் முடிவு இன்னும் கடுமையானது. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை யாரையோ பார்த்துச் சிரிக்கிறான். கணவன் மறைந்து நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். முன்னால் வந்து, என்மேல் என்ன தவறு என்று கேட்டுப் பிள்ளையைத் தரச் சொல்கிறான். அவள் தடுக்கிறாள். பிள்ளை அவள் கையை விலக்கிவிட்டு, மலைச்சரிவில் பாயும் விலங்கைப் போலத் தந்தையின் அகன்ற மார்பில் தாவுகிறான். அறமும் அன்பும் அற்றவன் பெற்ற மகன் அல்லவா என்று அவள் முடிக்கிறாள். இவ்வளவு நேரம் பிரித்து வைத்த மூட்டை ஒரே தாவலில் மறுபடி கட்டப்பட்டுவிட்டது. உரைகள் இதை இனிய காட்சியாகச் சொல்லலாம். எனக்கு அது தோல்வியின் காட்சி. பாட்டை எழுதிய ஆண், கடைசியில் பிள்ளையை எங்கே அனுப்ப வேண்டும் என்று அறிந்திருக்கிறார்.

அகநானூற்றின் 16ஆம் பாடலில், சாகலாசனார் இதே மருதத்தின் வேறொரு முகத்தைக் காட்டுகிறார். தெருவில் விளையாடும் மகனிடம் தலைவனின் சாயலைக் கண்ட பரத்தை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, என் உயிரே வா என்று வாரி அணைக்கிறாள். மனைவி பார்த்துவிடுகிறாள். பரத்தை களவு செய்து அகப்பட்டவளைப் போலக் கால்விரலால் நிலத்தைக் கீறிக்கொண்டு நிற்கிறாள். மனைவி அவளைத் தழுவி, ஏன் கலங்குகிறாய், நீயும் இவனுக்குத் தாய்தான் என்கிறாள். கணவனிடம் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது ஏளனம் இருக்கலாம். ஆனாலும் ஒரு கணம், ஒருவனால் காத்திருக்க வைக்கப்பட்ட இரண்டு பெண்கள், அவன் முகம் கொண்ட ஒரு குழந்தையின் இருபுறமும் நிற்கிறார்கள். தாங்கள் இழந்ததை இருவரும் அந்தச் சின்ன முகத்தில்தான் தேடுகிறார்கள். அவன் மட்டும் அங்கே இல்லை.

*

இந்தப் பாடல்களை நடத்தும்போது மருதநிலம் பழையது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அடிக்கும் கணவனை விட்டு வந்து பிள்ளையைத் தனியாக வளர்க்கும் பெண்களோடு பேசியிருக்கிறேன். பிள்ளைக்குப் பதினான்கு வயது ஆகும்போது குரல் உடைகிறது. ஒரு நாள் வாசலில் நின்று “அம்மா” என்று கூப்பிடுகிறான். அந்தக் குரல் அவன் அப்பாவின் குரல். “உடம்பு தானா நடுங்கிடுச்சு மேடம், பிள்ளைன்னு தெரிஞ்சும்” என்றார் ஒருவர். தன் நடுக்கத்துக்காக அவர் வெட்கப்பட்டார். பிள்ளையிடம் பயப்படும் தாய் என்று நம் பண்பாட்டில் ஓர் உருவமே இல்லை. ஆகவே அந்தப் பயத்தைச் சொல்லச் சொற்களும் இல்லை. தாய்மை எல்லாவற்றையும் கரைத்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருக்கும் நாம், கரையாத ஒன்றை நெஞ்சில் வைத்திருக்கும் பெண்ணைத் தனியாக விட்டுவிடுகிறோம்.

இதில் பிள்ளைக்கும் அநீதி இருக்கிறது. முகம் அவன் கேட்டு வாங்கியது இல்லை. கோபத்தில் “அப்படியே உங்கப்பன் புத்தி” என்ற சொல் வீட்டில் விழும்போது, அவனுக்கு ஒரு பாத்திரம் எழுதிக் கொடுக்கப்படுகிறது. கலித்தொகைத் தாய் அந்தச் சொல்லைக் கடைசியில்தான் சொல்கிறாள். அதற்கு முன் ஆறு முறை, நீ வேறாக இருக்க முடியும் என்று நம்பிச் சொல்லியிருக்கிறாள். அவன் பாய்ந்த அந்த ஒரு தாவலைவிட அந்த ஆறு வாக்கியங்களையே நாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

மகளிடம் வரும்போது நம்மிடம் இருப்பது வேறு வகைப் பேச்சு. ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை.’ ‘தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டுமா?’ மகனின் ஜாடையால் தந்தைக்குப் பெருமை சேர்கிறது. மகளின் ஜாடையால் தாய்க்குப் பொறுப்பு கூடுகிறது. மகள் சத்தமாகச் சிரித்தால் தாய் வளர்த்த லட்சணம். மகள் தன் விருப்பப்படி, அதுவும் வேறு சாதியில், மணம் செய்துகொண்டால் முதல் அடி தாய்க்கு விழுகிறது. தன் மகளைக் கண்காணிக்கும் அம்மாவைக் கொடுமைக்காரி என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மகளின் ஒவ்வொரு அசைவும் தன்மீது எழுதப்படும் சான்றிதழ் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்றும் கேட்க வேண்டும்.

அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ கதை இந்த இடத்தில்தான் நிற்கிறது. ஒளிபொருந்திய அழகான அம்மா, கறுத்த மகள். அம்மாவின் அழகு தனக்கு ஏன் வரவில்லை என்ற ஏக்கம் மகளுக்கு. அது ஏக்கமாக மட்டும் இருந்தவரை இருவருக்கும் இடையில் அன்புதான் இருந்தது. அம்மா வெளியூரில் இருக்கும் நாட்களில் மகள் பூப்படைகிறாள். அம்மா வந்து தன்னை அள்ளிக்கொள்வாள் என்று காத்திருக்கிறாள். உறவுக்காரப் பெண்ணின் வரன், பெண் கறுப்பு என்பதால் தட்டிப்போன நிலையில் அம்மா திரும்பி வருகிறாள். மகளைப் பார்த்ததும் அவள் வாயில் வருவது சுமை பற்றிய சொல். கல்யாணச் சந்தை அங்கே அந்தப் பெண்ணை எடைபோட்ட கண்ணாலேயே, இங்கே தாய் தன் மகளைப் பார்த்துவிட்டாள். கொலை என்று அம்பை பெயரிட்டது இந்தப் பார்வையைத்தான் என்று நான் வாசிக்கிறேன். தாய் தன் முகத்தை மகளிடம் தேடுவதை நிறுத்தி, விலையைத் தேடத் தொடங்கும் கணம் அது.

விந்தை என்னவென்றால், மருதத்துப் பாடல்களில் தாயின் மடியில் இருப்பது பெரும்பாலும் மகன். மகளைப் பற்றித் தாயர் மனம் விட்டுப் பேசுவது, அவள் உடன்போக்கில் போன பிறகு, அல்லது மணமாகிப் போன பிறகு. நற்றிணை 110இல் போதனார் அப்படி ஒரு செவிலித்தாயைப் பேச வைக்கிறார். தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, சிறு கோலைக் காட்டி மிரட்டினாலும் உண்ணாமல் பந்தலைச் சுற்றி ஓடிய சிறுமி. இன்று கணவன் வீடு வறுமையுற்றபோது, தந்தை வீட்டுச் சோற்றை நினைக்காமல், ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்கிறாள். இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் எங்கே கற்றாள் என்று தாய் வியக்கிறாள். எங்கே கற்றிருப்பாள்? பந்தலைச் சுற்றி ஓடிய அந்த வீட்டிலேயே எல்லாரும் உண்டபின் உண்ட பெண்களைப் பார்த்துக் கற்றிருப்பாள். முகத்தைப் போலவே பசியும் ஜாடையாக இறங்கும்.

முதுகலை வகுப்பில் கலித்தொகைப் பாடலை முடித்த பிறகு ஒரு பயிற்சி கொடுப்பேன். ‘ஒத்திரு’, ‘ஒத்திராதே’ என்று இரண்டு பத்தி போட்டு, உங்கள் அம்மா உங்களிடம் சொல்வதாக எழுதுங்கள். முதல் பத்தி சட்டென்று நிரம்பிவிடும். கடன்காரரைச் சமாளிக்கும் பேச்சு, ஒருமுறை பார்த்தால் மறக்காத கணக்கு, எந்த ஊர்ப் பேருந்திலும் இடம் பிடிக்கும் சாமர்த்தியம். இரண்டாவது பத்தியில் பேனா நின்றுவிடும். அம்மாவின் வாயால் அம்மாவைப் போல் இராதே என்று எழுதுவது துரோகம் போல இருக்கிறது என்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து எழுதத் தொடங்குவார்கள். கடைசியில் சாப்பிடாதே. காய்ச்சலை மறைக்காதே. உன் பெயரில் சம்பளக் கணக்கு வைத்துக்கொண்டு அட்டையை வேறொருவரிடம் கொடுக்காதே. நல்லவர்தான், கோபம்தான் கொஞ்சம் என்று சொல்லாதே.

அந்த இரண்டாவது பத்தியை எழுதியவள் அம்மாவைக் கைவிட்டவள் இல்லை. கலித்தொகைத் தாய் மகனுக்குச் செய்ததைத் தனக்குத்தானே செய்துகொள்கிறாள். முகம் வந்தது வந்ததுதான். அதோடு கட்டிக் கொடுக்கப்பட்ட மற்றவற்றைப் பிரித்துப் பார்க்கும் உரிமை அவளுக்கு உண்டு. அதைச் சொல்லிக் கொடுக்கும் உரிமை அவள் தாய்க்கும் உண்டு. மகள் வேறாக வாழ்ந்தால் தன் வளர்ப்புக்குக் களங்கம் என்று அஞ்சாமல், தன்னைப் போல அவள் வாடவில்லை என்று ஒரு தாய் நிம்மதியாக மூச்சுவிட முடிய வேண்டும். மகனுக்குச் சொன்ன பாட்டு கலித்தொகையில் இருக்கிறது. மகளுக்குச் சொல்ல வேண்டிய பாட்டை யாரும் நமக்காக எழுதி வைக்கவில்லை. அதை நாம் எழுத வேண்டியிருக்கிறது, அம்மா ஜாடையில் பிறந்த மகள்களாக.